எங்கள் வீட்டு சிவப்பு சோபா

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் தும்பிக்கை மாதிரி குழாய் நீண்ட ஒரு மெஷின். சோபாவைச் சுத்தம் செய்ய மருமகள் போனிலேயே ஆள் சொல்லியிருக்கிறாள். நான் அதே சோபாவில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் எழுந்திருங்க பாட்டி" என்றார்கள். மெஷின் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பையன் மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விரித்து உள்ளே எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பால்கனிக்குப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்பதைத் தாண்டியவள் நெஞ்சைப் பிடித்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, மருந்து வாசனை" என்று சமாளித்தேன். சோபாவின் தையலை யாராவது விரித்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம் வருகிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது பதினெட்டு வயது. ஐம்பதுகளின் கடைசி. உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் புகுந்த வீடு. நெல்லும் கொஞ்சம் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வீட்டில் மொத்தம் நாலு பேர். மாமனார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை கஸ்தூரி, நான். மாமியார் என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே தவறிவிட்டார். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவார். ஆக வாரத்தில் ஐந்து நாள் எனக்குத் துணை கஸ்தூரிதான். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஆனாலும் நான் அண்ணன் பெண்டாட்டி என்பதால் வாய் நிறைய "அண்ணி" என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு சோபா இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் வேறு எந்த வீட்டிலும் நான் சோபா பார்த்ததில்லை. ஊர் ஜனங்கள் அதை "மெத்த நாற்காலி" என்பார்கள். மூன்று பேர் உட்காரலாம். ரத்தச் சிவப்பில் வெல்வெட்டுத் துணி, ஓரமெல்லாம் பித்தளைக் குமிழ் ஆணி, உட்கார்ந்தால் "நொய்ங்" என்று முனகுகிற ஸ்பிரிங். செங்கல்பட்டில் யாரோ ஒரு துரை சீமைக்குப் புறப்பட்டபோது ஏலத்தில் விட்ட சாமான். மாமியாருக்கு மூச்சிரைப்பு. படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்காகவே மாமனார் அதை வாங்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, தானும் வண்டியோடு நடந்து ஊருக்குக் கொண்டுவந்தாராம். கடைசி ஒரு வருஷம் மாமியாருக்கு அதுதான் படுக்கை. சோபாவின் இடது மூலையில் ஒரு பள்ளம் இருக்கும். அது அவர் சாய்ந்த இடம். அங்கே மட்டும் வெல்வெட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும்.

கல்யாணமாகி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மாமனார் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். கத்தவும் மாட்டார். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம் ஜாஸ்தி.

"இத ஈரத் துணியால தொடைக்கக் கூடாதும்மா. துணி கெட்டுப்புடும். தூசி தட்டணும், அவ்ளோதான். நேர் வெயில் ஆவாது, காத்து படணும். இனிமே உன் பொறுப்பு."

நான் தலையாட்டினேன். எங்கள் அப்பா வீட்டில் பாயும் ஒரு கயிற்றுக் கட்டிலும்தான். சோபாவில் எந்தப் பக்கம் தூசி தட்டுவது என்றே எனக்குத் தெரியாது. முதல் நாள் தென்னந் துடைப்பத்தால் பட்டுபட்டென்று அடித்தேன். வெல்வெட்டு கீறிக்கொண்டு கோடு கோடாக நின்றது. கஸ்தூரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மாட்ட ஓட்றியா இன்னா? பூந்தொடப்பம் எடு அண்ணி" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு பூந்துடைப்பத்தால் ஒரே திசையில், குழந்தைக்குத் தலை வாருவது போல வாரிவிடக் கற்றுக்கொண்டேன். எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும் கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைப்பேன். ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை தோறும் ஜன்னலோரமாக நகர்த்திக் காற்றாட விடுவோம். எங்கள் வெள்ளைக்கோழி ஒன்று அந்தப் பள்ளத்தில் முட்டையிட்டு வைத்ததும், நான் மாமனார் வருவதற்குள் முட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஓடியதும் தனிக்கதை. கனவில்கூட யாராவது அதன்மேல் குழம்பைக் கொட்டுவார்கள். நான் அலறிக்கொண்டு எழுந்திருப்பேன்.

வைகாசி மாசத்தில் கஸ்தூரியைப் பெண் பார்க்க தாமல் பக்கமிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா. அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் சோபாவை வாரிக்கொண்டிருந்தேன். கைப்பிடியும் முதுகும் சேருகிற தையலில் பழுப்பாக ஒன்று நகர்ந்தது. நகத்தால் நசுக்கினேன். மூட்டைப்பூச்சி. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

நான் உடனே கஸ்தூரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் இதுதான்: நான் கல்யாணத்துக்குச் சீராக ஒரு மெத்தை கொண்டுவந்திருந்தேன். எங்கள் அப்பா ஆசையாக இலவம் பஞ்சு வாங்கித் தைத்துக் கொடுத்தது. மூட்டைப்பூச்சி என்று வாயைத் திறந்தால், 'மருமவ மெத்தையோட வந்திச்சி' என்றுதானே முதலில் நினைப்பார்கள்? வந்து ஆறு மாசம்கூட ஆகாத வீடு. ஒரு பூச்சிதானே, நசுக்கியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பட்டுப் புடவை சரசரக்க, சரியாக அந்தக் கைப்பிடி ஓரத்தில் போய் உட்கார்ந்தார். நான் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காபி வரும்வரை ஒன்றுமில்லை. பிறகு அந்த அம்மா முழங்கையைத் தேய்த்தார். கழுத்தைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றுவிட்டார். "ஒக்காருங்க" என்றார் மாமனார். "இருக்கட்டும், இடுப்பு வலி" என்றார் அந்த அம்மா. கஸ்தூரி ஒன்றும் அறியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்து நமஸ்காரம் பண்ணினாள். நிமிரும்போது மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தாள். அவனும் பார்த்தான்.

பத்து நாள் கழித்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். பொருத்தம் பார்த்துவிட்டுத்தானே பெண் பார்க்கவே வந்தார்கள்? கஸ்தூரி அன்றைக்குக் கிணற்றடியில் ரொம்ப நேரம் துணி துவைத்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். எனக்கு எல்லாம் புரிந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாருமில்லாத நேரமெல்லாம் தையல் தையலாகத் தேடுவேன். துடைப்பக் குச்சியைச் சீவி இடுக்கில் விட்டு நோண்டுவேன். வேப்பிலை செருகினேன், புகையிலைக் காம்பு செருகினேன். நாலைக் கொன்றால் எட்டு வந்தது.

ஐப்பசியில் இரண்டாவது வரன் வந்தது. மாகறலில் பயிர் வைக்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. கஸ்தூரிக்குப் புதுப் புடவை எடுக்க மாமனார் திங்கட்கிழமை காலையில் காஞ்சிபுரம் போனார். தங்கை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரரும் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். இன்னும் நாலு நாள்.

அன்றைக்கென்று பார்த்து மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். காக்கி நிக்கர், கையில் பம்பு, வாளியில் மோர் மாதிரி டி.டி.டி. மருந்து. வீடு வீடாகச் சுவருக்கு அடிப்பார்கள். கொசு மட்டுமில்லை, எல்லாப் பூச்சியும் சாகும் என்று ஊரில் பேச்சு. கஸ்தூரி கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பம்புக்காரரைக் கூடத்துக்குக் கூட்டிவந்து சோபாவைக் காட்டினேன்.

"இதும்மேலயா? வேணாம்மா. வெள்ள புடிச்சிக்கும். சொவுத்து மருந்து இது."

"பரவால்லண்ணா, அடிங்க. நான் தொடச்சிக்கிறேன்."

அவர் இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு தடவையும் அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டுப் போனார். நனைந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. காயக் காய சுண்ணாம்பு அடித்த மாதிரி பூத்தது. சிவப்பு வெல்வெட்டில் திட்டுத் திட்டாக வெள்ளை. கூடம் முழுக்க மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு நெடி. நான் ஈரத் துணியை எடுத்துத் தேய்த்தேன். எதைச் செய்யக்கூடாது என்று மாமனார் ஆரம்பத்திலேயே சொன்னாரோ அதை. வெள்ளை பரவியதே தவிரப் போகவில்லை.

"இன்னா அண்ணி இது? இன்னா பண்ணிக்கினு கீற?"

கஸ்தூரி வாசற்படியில் நின்றிருந்தாள். நான் துணியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவங்க வர்றதுக்கு மொத நாளே நான் பாத்துட்டேன் கஸ்தூரி. மூட்டப்பூச்சி. சொல்லல."

"எதுக்குச் சொல்லல?"

"என் மெத்தயில இருந்து வந்திச்சின்னு நெனப்பீங்கன்னு."

கஸ்தூரி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு அவரப் புடிச்சிருந்திச்சி அண்ணி."

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அரிவாள்மணையின் உடைந்த அலகும் ஒரு கிண்ணமும் இருந்தன. சோபாவின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, அலகின் முனையால் ஒரு குமிழ் ஆணியை நெம்பினாள். "டிங்" என்று கிண்ணத்தில் போட்டாள். அடுத்தது. அடுத்தது. நான் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஒரு கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தேன். ஆணி விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. என்னோடு பேசாமல் என் பக்கத்திலேயே ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வெல்வெட்டை உரித்தால் உள்ளே கோணி. கோணிக்குள் தேங்காய் நாரும் குதிரை முடியும் கலந்து அடைத்திருந்தது. அதைத் தூக்கினோம். கோணி மடிப்பிலும், ஸ்பிரிங் கட்டிய கயிற்றிலும், மரச்சட்டத்தின் பொருத்திலும் மிளகைக் கொட்டியது போல அப்பிக்கொண்டிருந்தன. உயிரோடு. பழைய தோல்கள், முட்டைகள், கருப்புக் கறை. டி.டி.டி. அவற்றின் பக்கமே போகவில்லை. கஸ்தூரி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அந்தக் கறையைப் பார்த்தால் நேற்று முந்தாநாள் வந்த பூச்சிகள் மாதிரி தெரியவில்லை. என் மெத்தை இந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே குடியிருந்தவை.

அப்போது வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. மழை பிடிக்கும் போலிருக்கிறது என்று மாமனார் தங்காமல் சாயங்கால பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் புடவைப் பொட்டலம். கூடத்தின் நடுவில் சோபா குடல் சரிந்து கிடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் தலையெல்லாம் நாரோடு உட்கார்ந்திருக்கிறோம்.

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நினைவில்லை. எதையோ ஆரம்பித்தேன். கஸ்தூரி குறுக்கே வந்தாள். "மூட்டப்பூச்சி நைனா. நாந்தான் பிரிக்கலாம்னு சொன்னேன்."

மாமனார் பொட்டலத்தை ஜன்னலில் வைத்தார். கிட்ட வந்து குனிந்தார். இடது மூலையில், அந்தப் பள்ளம் இருந்த இடத்தில், நாரைக் கையால் விலக்கிப் பார்த்தார். மற்ற இடத்தைவிட அங்கேதான் அதிகம். ஒரு பிடி நாரை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதில் ஊர்வது கையில் ஏறியது. தட்டிவிடவில்லை.

"அவ சொன்னா" என்றார்.



"கடிக்குது, கடிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா. மருந்து ஒத்துக்கல, அதான் அரிக்குதுன்னு நான் சொன்னேன். கீழ எறங்கி தரையில ஒக்காந்துக்கிறேன்னுவா. நாந்தான் உட மாட்டேன். மூச்சு முட்டுமேன்னு." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வருசம்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கஸ்தூரி எழுந்து போய் அவர் கையிலிருந்த நாரை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அவர் கையைத் துடைத்தாள். நான் கரண்டிக் காம்பைக் கீழே வைத்தேன். அந்த மனிதருக்கு இத்தனை நாள் நான் பயந்தேனே என்று இருந்தது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் மூன்று பேரும் ஆளுக்கொரு விதத்தில் அந்த சோபாவால் கடிபட்டவர்கள்தான்.

வெகு நேரம் கழித்து மாமனார் கேட்டார்: "ஆணிங்கோ எல்லாம் பத்திரமா கீதா?"

மறுநாள் நார் முழுவதையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினோம். மழைத் தூறலில் புகைதான் அதிகம். மாமனாரே வெந்நீர் அண்டாவைத் தூக்கி வந்து மரச்சட்டத்தின் இடுக்கெல்லாம் ஊற்றினார். வெல்வெட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினோம். வெள்ளை போயிற்று, சாயமும் பாதி போயிற்று. வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி இரண்டு நாள் உலர்த்தினோம். ரத்தச் சிவப்பு போய்ப் பழைய செங்கல் நிறத்தில், சமையல் புகை வாசனையோடு வந்து சேர்ந்தது. உள்ளே அடைக்க ஒன்றுமில்லை. நான் என் சீர் மெத்தையை எடுத்துவந்து கூடத்தில் போட்டுத் தையலைப் பிரித்தேன். ஒரு பூச்சி இல்லை. பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. கஸ்தூரி பார்த்தாள். அப்போதும் பேசவில்லை. ஆனால் பஞ்சை உதறிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை முழுக்கத் துணியை நான் இழுத்துப் பிடிக்க, மாமனார் ஆணி அடித்தார். எங்களில் யாருக்கும் அந்த வேலை தெரியாது. ஆணி வரிசை பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு பக்கம் பஞ்சு அதிகமாகி மேடு தட்டியது. இடது மூலைப் பள்ளம் இல்லாமல் போயிற்று. மாமனார் அந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு சுத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மாகறல்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் பருமனான அம்மா மேட்டுப் பக்கம் உட்கார்ந்து, மெல்ல மெல்லச் சரிந்து மகன்மேல் போய் முட்டினார். "இன்னாங்க இது, சறுக்கி உடுது!" என்று அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய முழங்கை, கழுத்து, கை என்று வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு தடவை காதைச் சொறிந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஈ. ஜன்னல் வழியாகப் பறந்து போனதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. புறப்படும்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கஸ்தூரி தலை பின்னிக்கொள்ள என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நாலு நாளைக்குப் பிறகு. "இறுக்கிப் பின்னு அண்ணி" என்றாள். பின்னினேன். தாமல்காரரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தை மாசம் கல்யாணம். மாகறலுக்குப் போனாள். நல்ல மனுஷர்தான், நல்லபடியாகத்தான் வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள்.

மூட்டைப்பூச்சி அடுத்த கோடையிலேயே சோபாவுக்குத் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி வெந்நீர், மறுபடி ஆணி. ஆனால் இந்தத் தடவை பார்த்த உடனே, "மாமா, பூச்சி" என்று கூடத்திலிருந்தே கத்தினேன். மாமனார் போன பிறகு எங்களுக்கு வேலை நிமித்தம் ஊர் மாற வேண்டியிருந்தது. சோபாவை யாரும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். சட்டம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. வீட்டையும் பிறகு விற்றோம். வாங்கியவர்கள் இடித்துவிட்டு மாடி எடுத்திருக்கிறார்கள்.

மாகறல் போகும்போதெல்லாம் கஸ்தூரியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அன்றைக்கு நான் முதல் நாளே சொல்லியிருந்தால் உன் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும் என்று நீ எப்போதாவது நினைத்ததுண்டா என்று. பேரப்பிள்ளைகள் சுற்றி இருப்பார்கள். அவள் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே "சாப்டு அண்ணி" என்பாள். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிடுவேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஏறினேன். மூன்று வருஷத்துக்கு முன் மார்கழியில் அவள் போய்விட்டாள். இனி கேட்கலாம், பதில் சொல்லத்தான் ஆளில்லை.